இடுப்பில் ஒரு பதினொரு கிலோ!

பாஸ், ஒரு சின்ன டெஸ்ட். பதினொரு கிலோ எடையை இடுப்புல வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உங்களால நிக்க முடியும்? ஜிம்முக்குப் போற பார்ட்டின்னா 'ப்பூ... இவ்வளவுதானா?'னு காலரைத் தூக்கிவிட்டுக்குவீங்க. கொஞ்சம் பொறுங்க. அந்த எடை உங்க வயித்துல உதைக்கும். கண்ணாடியைப் பிடுங்கிக் கடிக்கும். புதுச் சட்டையில பால் கக்கும். கீழே இறக்கிவிட்டா ஓடும், தூக்கினா அழும். இப்போ சொல்லுங்க!

டிசம்பர் 2024-ல, அஞ்சாவது செமஸ்டர் பரீட்சை முடிஞ்ச கையோட, நான் இந்த டெஸ்ட்டை எழுதினேன். புதுக்கோட்டையில எங்க வீட்டு வாசல்ல கார் ஏறினது சாயங்காலம் ஆறரை மணி. திருச்சி, சிங்கப்பூர் வழியா மெல்போர்ன்ல இறங்கும்போது அங்கே மறுநாள் ராத்திரி பத்தரை. நம்ம கடிகாரப்படி மறுநாள் சாயங்காலம் அஞ்சு. ஆக மொத்தம் இருபத்திரண்டரை மணி நேரம். கூட வந்தவங்க மூணு பேர். அக்கா, நாலு வயசு வாண்டு, பதினாலு மாசக் குண்டு. (பேரெல்லாம் வேணாம்னு அக்கா ஸ்ட்ரிக்ட்டா சொல்லிட்டா. வீட்ல கூப்பிடறதையே வெச்சுப்போம்.)

அத்தான் வேலை கிடைச்சு மெல்போர்ன் போய் அப்போ பத்து மாசம். போகும்போது குண்டுக்கு நாலு மாசம், குப்புற விழக்கூடத் தெரியாது. அவர் வீடு பார்த்து, இவங்களுக்கு விசா வந்து, டிக்கெட் போடற நேரத்துலதான் பிரச்னையே ஆரம்பிச்சது. விமானத்துல ரெண்டு வயசுக்குக் கீழே இருந்தா மடியில வெச்சுக்கலாம். ரெண்டு தாண்டினா தனி சீட். ஒரு பெரியவர் மடிக்கு ஒரு குழந்தை. இந்தக் கணக்குப்படி அக்கா தனியாவே ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகலாம், சட்டம் ஒண்ணும் சொல்லாது. ஆனா எங்க அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அவ பாத்ரூம் போகணும்னா அந்தப் பயலை யாருகிட்ட குடுத்துட்டுப் போவா?" இ.சி.இ. படிச்சு, சென்னையில அஞ்சு வருஷம் ஐ.டி. வேலை பார்த்த அக்காகிட்டயும் பதில் இல்லை, மெக்கானிக்கல் படிக்கிற என்கிட்டயும் இல்லை. அந்தப் பதில் நானேதான்னு ராத்திரியோட ராத்திரியா முடிவாகி, எனக்கும் ஒரு டூரிஸ்ட் விசா போட்டாங்க. முதல் வெளிநாட்டுப் பயணம்... வேலை, ஆயா!

கிளம்பறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க அள்ளி விட்ட ஐடியாக்களை வெச்சு ஒரு புத்தகமே போடலாம். அதுல ஒண்ணை மட்டும் உங்களுக்குக் கண்டிப்பா சொல்லணும். "சளி சிரப் ரெண்டு மூடி ஊத்தி விட்டுரு, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் தூங்கும்." இதைச் சொன்னது ஒருத்தர் இல்லை, மூணு பேர். எங்க குழந்தை டாக்டர்கிட்ட அக்கா கேட்டப்போ அவர் நாற்காலியை விட்டே எழுந்துட்டார். தூங்க வைக்கறதுக்காக அந்த மருந்தைக் கொடுக்கவே கூடாதாம். சில குழந்தைகளுக்கு மூச்சு மந்தமாகும், சில குழந்தைகள் நேர்மாறா ஆட்டம் போடும். ரெண்டுமே நடுவானத்துல நடக்கக்கூடாத சமாசாரம்.

திருச்சி ஏர்போர்ட் எங்க ஊர் ரோட்டுலயேதான் இருக்கு. 2024 ஜூன்ல இருந்து புது டெர்மினல். கோபுர வண்ணம், சுவர் ஓவியம்னு சும்மா ஜொலிக்குது. ஆனா நான் பார்த்துக்கிட்டே நின்னது வரிசையில இருந்தவங்களை. முக்கால்வாசி ஆம்பளைங்க. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்க. கயிறு சுத்தின அட்டைப் பெட்டி, அதுல மார்க்கர்ல பேரு, ஊரு. வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேலைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டு நிக்கற பொண்டாட்டிங்க, இடுப்புல குழந்தை. எங்க குடும்பம் மட்டும்தான் அன்னிக்குத் தலைகீழ். குழந்தைங்க உள்ளே, வழியனுப்பற தாத்தா பாட்டி வெளியே.

வாண்டு பாட்டிக்கு டாட்டா காட்டிட்டு, "நாளைக்கு வரும்போது உனக்கு பொம்மை வாங்கிட்டு வரேன்"னு சொன்னா. அக்கா சூட்கேஸ் ஜிப்பைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுட்டா. அவகிட்ட யாருமே சொல்லலை பாஸ். 'விமானத்துல அப்பாவைப் பார்க்கப் போறோம்'னுதான் சொல்லி வெச்சிருந்தோம். அது உண்மைதான். பாதி உண்மை.

இமிக்ரேஷன்ல, "ஸ்டூடன்ட்டா? என்ன விஷயமா ஆஸ்திரேலியா?"ன்னார் அதிகாரி. தோள்ல குண்டு, கழுத்துல பால் பாட்டில் பை, கையில வாண்டோட ஒத்தைச் செருப்பு. "குழந்தை தூக்க சார்"னேன். மனுஷன் முதல் தடவையா சிரிச்சார்.

அடுத்தது செக்யூரிட்டி. நாம எடுத்துட்டுப் போற ஷாம்பூ, தண்ணி எல்லாம் 100 மில்லிக்கு மேல போச்சுன்னா குப்பைத்தொட்டிதான். 2006 ஆகஸ்ட்ல, திரவ வெடிகுண்டால விமானங்களைத் தகர்க்க லண்டன்ல போட்ட ஒரு சதி பிடிபட்டப்போ வந்த கட்டுப்பாடு இது. ஆனா கைக்குழந்தையோட பால், கஞ்சி, வெந்நீருக்கு விலக்கு உண்டு, வழிக்குத் தேவையான அளவு. ஃபிளாஸ்க்கைத் திறந்து காட்டினோம், விட்டுட்டாங்க. என் ரெண்டு ரூபா பாக்கெட் ஊறுகாய்க்குத்தான் ஏகப்பட்ட விசாரணை!

உள்ளே நடுவுல ஒரு ஒத்தையடி வழி, ரெண்டு பக்கமும் மூணு மூணு சீட். மடிக் குழந்தைக்கு ஒரு குட்டி பெல்ட் கொடுத்தாங்க, அம்மாவோட பெல்ட்டுல கோத்துக்கிற மாதிரி. அப்புறம் அந்தப் புகழ்பெற்ற ஆக்ஸிஜன் மாஸ்க் பாடம். 'முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு.' வாண்டு உடனே, "ஏன் எனக்கு முதல்ல இல்லை?"ன்னா. நியாயமான கேள்வி. 35,000 அடி உயரத்துல காத்தழுத்தம் திடீர்னு போயிட்டா, நம்ம மூளை தெளிவா வேலை செய்யறது அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் வரைக்கும்தான். குழந்தையோட மல்லுக்கட்டற நேரத்துல அம்மா மயங்கிட்டா ரெண்டு பேருமே காலி. நான் இதை எல்லாம் விளக்கினேன். அக்கா கேட்டுட்டு, "லாஜிக் கரெக்ட்டுடா. ஆனா எந்தக் கை முதல்ல தன் மூஞ்சிக்குப் போகும்?"னா. அதுக்கு மேல நான் பேசலை.

இப்போ காது மேட்டர். விமானத்துல குழந்தைங்க ஏன் அந்த அலறு அலறுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? விமானம் மேலே பறக்கும்போது உள்ளே இருக்கற காத்தழுத்தம் தரையில இருக்கற மாதிரி இருக்காது. அதிகபட்சம் 8,000 அடி மலை உச்சியில இருக்கற மாதிரி வெச்சிருப்பாங்க. நம்ம ஊட்டி கிட்டத்தட்ட 7,350 அடி. அதாவது நீங்க ஊட்டிக்கும் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்கீங்க. இறங்கும்போது? ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையத்துக்கு அரை மணி நேரத்துல உருண்டு வர்ற கதை. மலைப்பாதையில காது 'ஙொய்'னு அடைக்குமே, அதேதான். நடுக்காதுல இருந்து தொண்டைக்கு ஒரு குழாய் இருக்கு, யூஸ்டேஷியன் குழாய். நாம எச்சில் முழுங்கினா அது திறந்து அழுத்தம் சரியாகும். குழந்தைகளுக்கு அது ரொம்பக் குறுகல், சாய்வும் கம்மி. மேலே ஏறும்போது உள்ளே இருக்கற காத்து தானா வெளியேறிடும். இறங்கும்போது வெளிக்காத்து உள்ளே போகணும், அதுதான் கஷ்டம். அதனால இறங்கறதுக்கு அரை மணி முன்னாடி குழந்தை தூங்கிட்டு இருந்தா, மனசைக் கல்லாக்கிக்கிட்டு எழுப்பிப் பால் கொடுக்கணும். தூக்கத்துல முழுங்கறது குறைவு.

தியரி பக்கா. பிராக்டிகல் இன்னும் இறங்கற கட்டத்துக்கே வரலையே!

ஒரு மணி நேரம் பறந்திருப்போம். குண்டு கண் முழிச்சான். மங்கல் வெளிச்சம், தெரியாத சத்தம், பாட்டி இல்லை. ஆரம்பிச்சான் பாருங்க... பால் வேணாம், பிஸ்கெட் வேணாம், அம்மா வேணாம், மாமா வேணவே வேணாம். அக்கா எழுந்து நின்னு தட்டிக்கொடுத்தா, முன்னாடி பாத்ரூம் வரைக்கும் நடந்தா, தாலாட்டு பாடினா. நாப்பது நிமிஷம். ரெண்டு வரிசை முன்னாடி நம்ம வயசுப் பையன் ஒருத்தர் ஹெட்போனைக் கழட்டி, திரும்பிப் பார்த்து, "ச்சே"ன்னு சத்தமா சொல்லிட்டு, பணிப்பெண்ணைக் கூப்பிட்டு வேற சீட் கேட்டார். அவரைக் குத்தம் சொல்ல நான் வரலை. அவரும் காசு கொடுத்துத்தான் ஏறியிருக்கார், விடிஞ்சா அவருக்கும் ஏதோ ஒரு வேலை. ஆனா அந்த ஒத்தை 'ச்சே' அக்கா மூஞ்சியில என்ன பண்ணுச்சுன்னு நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். அவ எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிட்டே நடந்தா. "சாரி... சாரிங்க... சாரி." எதுக்கு சாரி? பதினாலு மாசக் குழந்தைக்குக் காது வலிச்சா, பயம் வந்தா அழாம வேற என்ன செய்யும்? மெயில் அனுப்புமா?

அப்போதான் நடைபாதையை ஒட்டின சீட்ல இருந்து ஒரு அண்ணன் எழுந்தார். முப்பது முப்பத்தஞ்சு வயசு, அறந்தாங்கிப் பக்கம். சிங்கப்பூர்ல கட்டட வேலை. "கொண்டா தங்கச்சி, நான் கொஞ்ச நேரம் பாக்கறேன்"னு கையை நீட்டினார். அக்கா தயங்கினா. அவர் கையை இறக்கலை. குண்டைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு, முதுகுல 'டப் டப்'னு ஒரு தாளம், காதுகிட்ட 'ம்ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நாலு நடை. சிங்கப்பூர் போற பத்துப் பதினஞ்சு பேர் அவங்கவங்க சீட்ல இருந்தே விரலை ஆட்டி, வாட்ச்சைக் காட்டி, விசில் அடிச்சு அவனைச் சிரிக்க வைக்கப் பார்த்தாங்க. எல்லார் வீட்லயும் ஒரு குண்டு இருக்கும்போல. அஞ்சாவது நடையில நம்மாளு அவுட்!

தூங்கினவனை உடனே கொடுக்காம அவர் வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தார். நான் நன்றி சொன்னேன். "எம் பொண்ணுக்கும் ஒண்ணேகால் வயசு தம்பி. பொறந்தப்ப வர முடியல. இப்பதான் ஒரு மாசம் லீவுல போய்ப் பாத்தேன். மொத பதினஞ்சு நாளு எங்கிட்ட வரவே இல்ல, என்னப் பாத்தாலே அழுகை. வந்து ஒட்டிக்கிட்டா... நான் கெளம்பிட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். அடுத்து எப்போ லீவுன்னு கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்தது. கேட்கலை.

இறங்கறதுக்கு முன்னாடி குண்டை எழுப்பிப் பால் கொடுத்தோம், வாண்டு வாயில ஒரு மிட்டாய். சமர்த்தா இறங்கிட்டாங்க. சிங்கப்பூர் நேரம் காலை ஆறு. அந்த அண்ணன் இமிக்ரேஷன் பக்கம் திரும்பினார், நாங்க டிரான்ஸிட் பக்கம். குண்டு கன்னத்தைத் தொட்டு விரலை முத்திட்டுப் போயிட்டார். பேர்கூடக் கேட்டு வெச்சுக்கலை.

சாங்கி ஏர்போர்ட் பத்திப் பெருசா எழுத ஆசைதான், ஆனா உங்கள்ல பாதி பேர் யூடியூப்ல பார்த்திருப்பீங்க. ஆறு மணி நேரம் காத்திருப்பு. குழந்தை வண்டி இலவசமா கிடைச்சது, அதுக்கே சிங்கப்பூருக்கு ஒரு சல்யூட். டெர்மினல் 3-ல ஒரு வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கு. பூச்சி வந்து கையில உட்கார்ந்ததும் வாண்டு மூச்சு விடாம நின்னா பாருங்க, அந்த மூணு நிமிஷம்தான் பயணத்துலயே நான் நிம்மதியா கால் நீட்டின நேரம். ஒரு விஷயம் கவனிங்க. சாங்கியில பெரும்பாலும் கேட்டுக்குப் பக்கத்துலதான் பாதுகாப்புச் சோதனை. உள்ளே போயிட்டு வெளியே வந்தா மறுபடியும் வரிசை. டயபர் மாத்தறது, ஒண்ணுக்குப் போறது எல்லாத்தையும் முன்னாடியே முடிச்சிடுங்க. 'எனக்கு இப்போ வரலை'னு சொல்ற நாலு வயசை நம்பி உள்ளே போனா என்ன ஆகும்னு... சரி விடுங்க, டீசன்டா போயிட்டு இருக்கு.

ரெண்டாவது விமானம் பெருசு, போயிங் 787. மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். இதோட உடம்பு அலுமினியம் இல்லை, பெரும்பாலும் கார்பன் ஃபைபர் காம்போசிட். திரும்பத் திரும்ப அழுத்தம் ஏறி இறங்கினாலும் சீக்கிரம் களைக்காது, ஈரத்துக்குத் துருப்பிடிக்காது. அதனால உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் தாராளமா, 6,000 அடிக்குச் சமமா வெச்சுக்க முடியுது. ஊட்டியில இருந்து குன்னூருக்கு இறங்கி வந்த மாதிரி. காத்துல ஈரமும் கொஞ்சம் அதிகம். ஜன்னலுக்கு மூடி கிடையாது. பட்டனை அழுத்தினா கண்ணாடியே நீலமா இருட்டும். இந்தப் பட்டனைக் கண்டுபிடிச்ச இன்ஜினீயருக்கு வீட்ல குழந்தை இருந்திருக்கணும். வாண்டு ஒன்றரை மணி நேரம் 'பகல்... ராத்திரி... பகல்... ராத்திரி'ன்னு உலகத்தையே ஆட்டி வெச்சா. எந்த கார்ட்டூனும் அவ்வளவு நேரம் தாங்கலை.

மீதி ஆறு மணி நேரம்? குண்டு மூணு டயபர், ஒரு வாந்தி, என் ஒரே மாத்துச் சட்டை அம்பேல். அக்கா சாப்பாட்டுத் தட்டைத் திறக்கவே இல்லை. திறந்தா வைக்க இடம் இல்லை, மடியில ஆள் இருக்கே! நான் ஊட்டி விட்டேன். சின்ன வயசுல பரீட்சைக்குப் படிக்கும்போது அவ எனக்கு ஊட்டி விட்டிருக்கா. அது ஞாபகம் வந்து ரெண்டு பேரும் சிரிச்சோம்.

"மாமா, நாளைக்கு நம்ம வீட்டுக்கு வந்துடுவோம்ல?" - இது வாண்டு. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்தா. அது இருட்டா இருந்தது.

மெல்போர்ன்ல இறங்கினதும் ஒரு கார்டு கொடுத்து, சாப்பாட்டுப் பொருள் ஏதாவது இருக்கான்னு கேட்பாங்க. ஆஸ்திரேலியாவுல இந்த விஷயத்துல ரொம்பக் கறார், வெளியூர் விதை, பூச்சி உள்ளே வந்துடக் கூடாதுன்னு பயம். அம்மா கட்டிக் கொடுத்த மோர்மிளகாயை அக்கா புதுக்கோட்டையிலயே எடுத்து வெச்சுட்டா. சத்துமாவு மட்டும் குண்டுக்காக வந்தது. 'இருக்கு'ன்னு டிக் பண்ணிக் காட்டினோம். அதிகாரி பையைத் திறந்து பார்த்தார், என்னென்ன போட்டு அரைச்சதுன்னு கேட்டார், விட்டுட்டார். சொல்லிட்டா ஒண்ணும் பண்ண மாட்டாங்க, மிஞ்சிப்போனா பொருளை எடுத்துக்குவாங்க. மறைச்சு மாட்டினாத்தான் அபராதம் தீட்டிடுவாங்க.

வெளியே அத்தான். கையில ஒரு பெரிய கரடி பொம்மை. வாண்டு "அப்பா"ன்னு பறந்து போய் ஒட்டிக்கிட்டா. குண்டு? போன்ல தினம் பார்த்த மூஞ்சிதான். ஆனா போன்ல அது உள்ளங்கை சைஸ். இது ஆறடி. அத்தான் கையை நீட்டினதும் வீல்னு கத்திட்டு என் கழுத்தைக் கட்டிக்கிட்டான். அத்தான் நீட்டின கையை அப்படியே வெச்சுக்கிட்டு நின்னார். அக்காதான் அவர் தோளைத் தட்டி, "பதினஞ்சு நாள் ஆகும்ங்க"ன்னா. அவருக்கு அந்தக் கணக்கு எங்கே இருந்து வந்ததுன்னு தெரியாது. கார்ல அவரே கேட்டார், அக்கா சொன்னா.

வீட்டுக்குப் போய்ச் சேர நடுராத்திரி தாண்டிடுச்சு. குழந்தைங்க உடம்புக்கு அப்போ ராத்திரி ஏழரை மணி, நம்ம ஊர்ல தோசை நேரம். ரெண்டும் ஃபுல் சார்ஜ். நாங்க மூணு பெரியவங்களும் சோபாவுல பிணம். வாண்டு அக்கா போனை எடுத்து தானே பாட்டிக்கு வீடியோ கால் போட்டா. புது வீட்டைச் சுத்திக் காட்டினா, கரடியைக் காட்டினா. அப்புறம், "பாட்டி, கதவைத் தாழ்ப்பா போடாத. நான் காலையில வந்துடுவேன்"னா.

அந்தப் பக்கம் அம்மா, "சரிடா கண்ணு, போடல"ன்னாங்க.